போன் நம்பர் முதல் ஜாதகம் வரை: இணையத்தில் கிடக்கும் உங்கள் விவரங்களை நீக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரன் பார்த்த காலத்தில் அனுப்பிய பயோடேட்டா, கல்லூரி முடித்த கையோடு ஏற்றிய ரெஸ்யூம், வீடு வாடகைக்கு என்று கொடுத்த விளம்பரம். தேவை முடிந்து பல வருடம் ஆகியிருக்கும். அதில் இருந்த போன் நம்பரும் முகவரியும் மட்டும் இணையத்தில் அப்படியே இருக்கும். அவற்றை எப்படி எடுப்பது, எதை எடுக்க முடியாது, இனி எப்படிக் கவனமாக இருப்பது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் இந்தியாவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான பதில் தனியாக வருகிறது.

என்னைப் பற்றிய எல்லாவற்றையும் இணையத்திலிருந்து அழித்துவிட முடியுமா?

முடியாது. யாரோ எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டையும், யாருடைய கணினியிலோ இருக்கும் நகலையும் எந்தப் படிவம் நிரப்பியும் எடுக்க முடியாது.

ஆனால் அதற்காகக் கைவிட வேண்டாம். தொல்லை கொடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மெனக்கெட்டுத் தோண்டுவதில்லை. பெயரைத் தட்டினால் எண் வர வேண்டும், எண்ணைத் தட்டினால் முகவரி வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். உங்கள் போன் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். மோசடிக்காரர் போன் செய்து உங்கள் தெருப் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொன்னால், வங்கியிலிருந்துதான் பேசுகிறார் என்று யாருக்கும் தோன்றும். ஆகவே இந்த மூன்றையும் ஒன்று சேரவிடாமல் பிரித்து வைப்பதே வேலை. எங்கே தொடங்குவது என்று குழம்பினால் போன் எண்ணில் தொடங்குங்கள். மற்ற எல்லாம் அதில்தான் கோர்த்திருக்கிறது.

எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கணக்கில் லாகின் செய்யாமல், மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டு இருப்பதில்லை. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில இடங்களில் அப்பா பெயராகவே விரியும். அதனால் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி ஒரு முறை, பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு முறை, தமிழில் ஒரு முறை தேட வேண்டும். பெயரோடு ஊரையும் கல்லூரியையும் சேர்த்தும் பாருங்கள்.

அப்புறம் போன் எண். மேற்கோள் குறிக்குள் பத்து இலக்கத்தையும் போட்டுத் தேடுங்கள். பிறகு ஐந்து ஐந்தாகப் பிரித்து, பிறகு முன்னால் 91 சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பக்கங்கள் வரலாம். இப்போது பயன்படுத்தாத பழைய எண்ணையும் பழைய மின்னஞ்சலையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் முகப்புப் படத்தைப் படம்வழித் தேடலில் போட்டால் அதே படம் வேறு எங்கே இருக்கிறது என்றும் தெரியும். கிடைத்த ஒவ்வொரு பக்கத்தின் இணைய முகவரியையும் (லிங்க்) தேதியோடு குறித்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்கும்போது எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அந்த முகவரியைத்தான்.

கூகுளில் எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. கூகுள் பக்கத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். பக்கம் வேறொருவருடைய சர்வரில் இருக்கிறது. கூகுளில் மறைத்தாலும் பிங் போன்ற வேறு தேடுபொறியில் வரும், நேரடி இணைப்பு வைத்திருப்பவருக்கும் திறக்கும்.

எனவே முதலில் மூலத் தளத்தில் நீக்கச் சொல்லுங்கள். நீக்கிய பிறகும் தேடலில் பழைய வரிகள் சில நாள் தெரியும். அதற்குக் கூகுளில் காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அது மறுபடி போய்ப் பார்த்துத் தன் பதிவைத் திருத்திக்கொள்ளும். தளத்துக்காரர் பதிலே சொல்லவில்லை, அல்லது எழுதினால் வம்பு செய்வார் என்று பயமாக இருக்கிறது என்றால் மட்டும் நேராகக் கூகுளுக்குப் போகலாம்.

கூகுள் எதையெல்லாம் தேடலிலிருந்து நீக்கும்?

2022 ஏப்ரலில் கூகுள் தன் விதியை விரிவாக்கியது. அதற்குப் பிறகு போன் எண், வீட்டு முகவரி, மின்னஞ்சல் ஆகியவை தெரிந்தாலே நீக்கக் கேட்கலாம். வங்கிக் கணக்கு எண், கார்டு எண், அரசு அடையாள எண், கையெழுத்தின் படம், மருத்துவப் பதிவு, லாகின் விவரம், சம்மதமின்றி வெளியான அந்தரங்கப் படம் போன்றவையும் இதில் அடங்கும். தேடல் முடிவுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் நீக்கக் கோரும் வழி வரும். கூகுளின் உதவிப் பக்கத்தில் தனிப் படிவமும் உண்டு.

செய்தியாக வந்தது, அரசுத் தளத்தில் இருப்பது, பொதுமக்களுக்குப் பயன்படும் என்று அவர்கள் கருதுவது ஆகியவற்றைப் பொதுவாக நீக்க மாட்டார்கள். சில சமயம் பாதிதான் கிடைக்கும்: உங்கள் பெயரைத் தட்டினால் அந்தப் பக்கம் வராது, வேறு சொல்லைத் தட்டினால் வரும். அதுவும் நல்லதுதான், ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் முறை மறுத்துவிட்டால், எந்த வரியில் எண் இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட்டில் குறித்து மறுபடி அனுப்பலாம்.

தளத்துக்காரருக்கு என்ன எழுதுவது? கோபமாக எழுதினால்தானே பயப்படுவார்கள்?

சிறு தளங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஓரிருவர்தான். மிரட்டல் கடிதம் கண்டால் பதிலே போட மாட்டார்கள். சுருக்கமாகவும் மரியாதையாகவும் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் தளத்தின் கீழ்க்கண்ட பக்கத்தில் என் கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் உள்ளன. அந்த விளம்பரத்தின் தேவை முடிந்துவிட்டது. அந்த இரண்டு விவரங்களையும், முடிந்தால் பக்கம் முழுவதையும் நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இவற்றை வெளியிட நான் கொடுத்த சம்மதத்தையும் திரும்பப் பெறுகிறேன். நீக்கியதும் ஒரு வரி பதில் அனுப்பினால் உதவியாக இருக்கும்."

கீழே பக்கத்தின் முகவரி. அவ்வளவு போதும். ஏன் நீக்க வேண்டும் என்று குடும்பக் கதை முழுக்க எழுத வேண்டாம், அதுவும் ஒரு தனிப்பட்ட விவரம்தான். "நீங்கள்தான் அவர் என்று நிரூபிக்க ஆதார் அனுப்புங்கள்" என்று கேட்டால் உடனே அனுப்பிவிடாதீர்கள். அந்த எண்ணிலிருந்தோ பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தோ ஒரு செய்தி அனுப்பி உறுதி செய்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நான் ட்ரூகாலர் வைத்திருந்ததே இல்லை. ஆனாலும் என் பெயர் அதில் வருகிறதே?

உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களில் யாரோ ஒருவர் மூலம் போயிருக்கலாம். சிலருக்கு "கேஸ் பையன்", "பிளம்பர் புதுசு" என்றெல்லாம் பெயர் வருவதும் இப்படித்தான். ட்ரூகாலரின் இணையப் பக்கத்தில் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கும் படிவம் இருக்கிறது. நாட்டுக் குறியீட்டோடு எண்ணைக் கொடுக்க வேண்டும். வழக்கமாக ஒரு நாளுக்குள் நீங்கிவிடும்.

நீங்கள் எப்போதாவது அந்தச் செயலியைப் பயன்படுத்தியிருந்தால் முதலில் உள்ளே போய்க் கணக்கைச் செயலிழக்கச் செய்ய வேண்டும், பிறகுதான் நீக்கக் கோர முடியும். போனிலிருந்து ஆப்பை அன்இன்ஸ்டால் செய்வதால் கணக்கு போகாது. இது எல்லா ஆப்புக்கும் பொருந்தும். இதே தவறான நம்பிக்கையில் பல பழைய கணக்குகள் உயிரோடு இருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் என்ன மாற்ற வேண்டும்?

செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போங்கள். முகப்புப் படம், கடைசியாகப் பார்த்த நேரம், சுயவிவரக் குறிப்பு மூன்றையும் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே மாற்றுங்கள். இது முக்கியம். தெரியாத ஒருவர் உங்களை இருநூறு பேர் உள்ள குழுவில் சேர்த்தால் அந்த இருநூறு பேர் கையிலும் உங்கள் எண் இருக்கும். அபார்ட்மென்ட் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு என்று தேவை முடிந்தவற்றிலிருந்து வெளியேறுங்கள். மனம் கோணும் என்று தயங்க வேண்டாம்.

டெலிகிராமில் உங்கள் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடியும், தெரியாதவர்கள் எண்ணை வைத்து உங்களைக் கண்டுபிடிக்க முடியாதபடியும் தனித்தனி அமைப்புகள் உண்டு. இரண்டையும் மாற்ற வேண்டும்.

பழைய பேஸ்புக் கணக்கை அழிக்கவா, அப்படியே விட்டுவிடவா?

பயன்படுத்தவில்லை என்றால் அழித்துவிடுங்கள் என்பேன். கவனிக்காத கணக்கு திருடு போனால் நமக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பெயரில் நண்பர்களிடம் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி போன பிறகுதான் தெரியும்.

செயலிழக்கச் செய்வது வேறு, அழிப்பது வேறு. அழிக்கக் கோரிய பிறகும் பேஸ்புக் 30 நாள் காத்திருக்கும். அதற்குள் லாகின் செய்து ரத்து செய்தால் கணக்கு திரும்பிவிடும். அதன் பிறகு அவர்களுடைய சேமிப்பிலிருந்து முழுக்க நீங்க 90 நாள் வரை ஆகலாம். இன்ஸ்டாகிராமிலும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. அழிக்கும் முன் உங்கள் படங்களின் நகலைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், எல்லோருக்கும் தெரியும்படி இருந்த பழைய பதிவுகள் முழுவதையும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே தடவையில் மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். தேடுபொறிகள் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு தரக்கூடாது என்ற அமைப்பும் அங்கேயே இருக்கிறது. பிறந்த தேதியில் வருடத்தை மறைத்துவிடுங்கள். வாழ்த்து சொல்ல நாளும் மாதமும் போதும்.

மறந்துபோன மற்றக் கணக்குகளைக் கண்டுபிடிக்க உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் "வெல்கம்", "வெரிஃபை" போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், எந்தெந்தத் தளங்களுக்கு அந்தக் கணக்கால் நுழைந்தீர்கள் என்ற பட்டியலும் இருக்கும். அழிக்கும் வசதியே தராத தளமாக இருந்தால், கணக்கில் உள்ள பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் பொருளற்ற எழுத்துகளால் மாற்றிச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள்.

கல்யாணம் ஆகி வருடங்கள் ஆகின்றன. என் வரன் விவரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊரில் ஒரு மனிதரைப் பற்றிய மிக முழுமையான ஆவணம் இதுதான். பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா அம்மா பெயர், அவர்கள் வேலை, உடன்பிறந்தவர்கள், சாதி, கோத்திரம் அல்லது குலதெய்வம், சம்பளம், சொந்த வீடா என்பது, போன் எண், நான்கைந்து படங்கள். ஒரு வங்கிகூட இவ்வளவு கேட்காது. இதை நம்பிக்கையின் பேரில் தரகரிடமும் உறவினரிடமும் சங்கக் குழுக்களிலும் கொடுத்துவிடுகிறோம்.

திருமணத் தகவல் தளத்தில் கணக்கு இருந்தால் "திருமணம் முடிந்தது" என்று குறிப்பதோடு நிற்க வேண்டாம். சில தளங்களில் அது மறைக்க மட்டுமே செய்யும். கணக்கை நீக்கும் பகுதிக்குப் போய், காரணம் கேட்கும் பெட்டியில் படங்களையும் ஜாதகத்தையும் சேர்த்து அழிக்கச் சொல்லி எழுதுங்கள். கணக்கை உங்கள் அப்பாவோ அத்தையோ தொடங்கியிருப்பார்கள். கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. பதிவு செய்த எண் இன்னும் கையில் இருந்தால் ஓடிபி வழியாக நுழையலாம். இல்லையென்றால் அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்குப் பதிவு எண்ணைச் சொல்லி எழுதுங்கள். அதுவும் இல்லையென்றால் பெயரும் பிறந்த வருடமும் ஊரும் போதும், அவர்களால் தேடி எடுக்க முடியும்.

தரகரிடமும் சங்கத்திடமும் ஒரு முறை நேரிலோ போனிலோ கேட்பதே நல்லது. "மாமா, வரன் அமைஞ்சிருச்சு, என் பொண்ணு பயோடேட்டாவை எடுத்துருங்க" என்று சொன்னால் பெரும்பாலானோர் எடுத்துவிடுவார்கள். தட்டச்சு செய்து குழுக்களில் போடப்பட்ட பிடிஎஃப் கோப்பை மட்டும் திரும்பப் பெற முடியாது. அதனால் இப்போது வரன் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: முதல் சுற்றில் கொடுக்கும் தாளில் பெயர், வயது, படிப்பு, வேலை, ஊர், நட்சத்திரம் மட்டும் இருக்கட்டும். பிறந்த நேரம் உள்ள ஜாதகமும் தெரு முகவரியும் சம்பளமும், பேச்சு தொடங்கிய குடும்பத்துக்கு மட்டும் போகட்டும். தொடர்புக்குப் பெண்ணின் எண்ணைப் போடாமல் பெரியவர் ஒருவரின் எண்ணைப் போடுங்கள். படத்தின் மேல் யாருக்காகக் கொடுத்தது என்று சிறிய எழுத்தில் குறித்துக் கொடுத்தாலும் பிறர் எடுத்துப் போலிக் கணக்கு தொடங்குவது குறையும்.

ஆதார் நகலைப் பல இடங்களில் கொடுத்துவிட்டேன். திரும்பப் பெற முடியுமா?

கொடுத்த தாளைத் திரும்பப் பெறுவது கடினம். அந்த எண்ணால் வரும் ஆபத்தைக் குறைக்கலாம். ஆதார் தளத்திலோ செயலியிலோ பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். இனிமேல் கொடுப்பதற்கு, முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜில் அறை எடுக்க அது போதும். எண்ணே வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஆதார் தளத்தில் எடுக்கும் 16 இலக்க மெய்நிகர் எண்ணை (விஐடி) அதற்குப் பதிலாகக் கொடுக்கலாம். அதை விரும்பும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்குக் கோப்பை அனுப்புகிறோம். எடுத்ததும் அங்கேயே நின்று, "எல்லோருக்கும் நீக்கு" என்பதை அழுத்துங்கள். அவர் கணினியில் இறங்கிய கோப்பையும் உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் பெயரில் எத்தனை சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். 2023 மே மாதம் தொடங்கிய சேவை இது. தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுத்துத் துண்டிக்கச் சொல்லலாம். இன்றே பார்த்துவிடுங்கள்.

கடன் ஆப் என் போனில் உள்ள எல்லா எண்களையும் எடுத்துக்கொண்டது. இது சரியா?

சரியில்லை. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள், கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை மட்டும் கணக்கு தொடங்கும்போது ஒரு முறை, உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்தலாம். இதை மீறும் ஆப் பெரும்பாலும் உரிமம் பெற்ற எந்த நிறுவனத்தோடும் சேராததாக இருக்கும். அனுமதிகளை உடனே நிறுத்துங்கள். மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். உறவினருக்கு அசிங்கமான செய்தி போவதற்கு முன்பு நீங்களே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மிரட்டுபவரின் பலம் அந்த வெட்கத்தில்தான் இருக்கிறது.

என் அந்தரங்கப் படம் வெளியாகிவிட்டது, அல்லது வெளியிடுவேன் என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில், இது உங்கள் குற்றம் இல்லை. படம் உண்மையானதாக இருந்தாலும், செயற்கை நுண்ணறிவால் ஒட்டியதாக இருந்தாலும், சட்டத்தின் முன் குற்றவாளி அதைப் பரப்புபவர்தான்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம். கணக்கின் பெயர், பக்க முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

பிறகு அந்தத் தளத்தில் புகார் கொடுங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே, இப்படிப்பட்ட படத்தை அகற்றப் புகார் கிடைத்ததிலிருந்து 24 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று வகுத்தன. ஒட்டுப்படமும் ஆள்மாறாட்டமும் இதில் அடங்கும். உங்கள் சார்பில் வேறொருவரும் புகார் கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை 2021 முதல் இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு எண்வரிசை, அதாவது எண்முத்திரை, உருவாகும், அது மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்கள் அந்த முத்திரையோடு பொருந்தும் படத்தைக் கண்டால் தடுக்கும். பதினெட்டுக்குக் கீழ் இருந்தபோது எடுத்த படம் என்றால் அமெரிக்காவின் காணாமல் போன குழந்தைகளுக்கான மையம் நடத்தும் டேக் இட் டவுன் சேவை அதே வேலையைச் செய்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181.

போலீஸ் புகாரைத் தேசிய சைபர் குற்றத் தளத்தில் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்க அங்கே வழி உண்டு.

சட்டம் எனக்கு என்ன உரிமை தருகிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 12-ஆம் பிரிவு, உங்கள் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் இந்த உரிமைகள் உட்பட முக்கியமான பகுதிகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் கொடுக்கப்பட்டது, அதாவது 2027 மே வரை.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக நான் நினைக்கிறேன். நீங்களே பொதுவெளியில் போட்ட விவரத்துக்கும், சட்டப்படி வெளியிடப்பட்ட விவரத்துக்கும் இது பொருந்தாது. எல்லோரும் பார்க்கும்படி பேஸ்புக்கில் எண்ணைப் போட்டுவிட்டு, அதை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் இந்தச் சட்டத்தை வைத்துக் கேட்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நாம் போட்டதை நாமே முதலில் எடுத்துவிட வேண்டும்.

இப்போதைக்குக் கைகொடுப்பது 2021 விதிகள்தான். பெரிய தளங்கள் எல்லாம் குறைதீர் அதிகாரியின் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டும். அவர் பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

வழக்கில் விடுதலையானேன். ஆனாலும் என் பெயரைத் தேடினால் தீர்ப்பு வருகிறது. நீக்க முடியுமா?

இது இன்னும் முடிவாகாத விஷயம். இதே கோரிக்கையோடு விடுதலையான ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021-இல் தனி நீதிபதி, இதற்கான சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இந்தியன் கானூன் தளத்திலிருந்து அந்தத் தீர்ப்பை நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற நியாயமும், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கியவர் ஒவ்வொரு வேலைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கக்கூடாது என்ற நியாயமும் இதில் மோதுகின்றன. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான். தீர்ப்பு இருக்கட்டும், பெயரை மட்டும் மறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போதைக்கு உங்கள் வழக்கின் தன்மையை வைத்து வக்கீலிடம் கேளுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது மட்டும் ஏற்கெனவே தண்டனைக்குரிய குற்றம். அதற்கு உடனே புகார் கொடுக்கலாம்.

வாக்காளர் பட்டியலும் பொது ஆவணம்தான். அதிலிருந்து முகவரியை எடுக்கச் சொல்ல வழியில்லை. பட்டியலை அப்படியே எடுத்துப் பெயர் வாரியாகப் போட்டிருக்கும் தனியார் தளங்களுக்கு எழுதலாம்.

பணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கித் தருகிறோம் என்கிறார்களே?

நூறு சதவீதம் நீக்குவோம் என்று சொன்னாலே விலகிவிடுங்கள். நீங்கள் நிரப்பும் அதே படிவங்களைத்தான் அவர்களும் நிரப்புவார்கள். அதற்காக உங்கள் அடையாள நகலையும் கேட்பார்கள், அது இன்னொரு இடத்துக்குப் போகும். அமெரிக்காவில் மக்களின் விவரங்களைத் திரட்டி விற்கும் தரவுத் தரகர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் அங்கே இப்படிப்பட்ட சேவைக்குப் பயன் இருக்கிறது. இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நீங்களே பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

லண்டனில், பாரிஸில், கொழும்பில் இருப்பவர்களுக்கு?

ஐரோப்பாவில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஸ்பெயினைச் சேர்ந்த ஒருவர் கூகுளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், பழைய, பொருத்தமற்றுப்போன விவரம் பெயர் தேடலில் வராமல் நீக்கக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2018 மே 25 முதல் அமலில் உள்ள, ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. பிரிட்டனும் ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு அதே உரிமையைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது. நிறுவனம் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டால் போதும், வேலை நடக்கும். இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கோரும் உரிமையைச் சொல்கிறது.

அப்பா இறந்துவிட்டார். அவருடைய கணக்குகளை என்ன செய்வது?

பேஸ்புக்கில் இறப்புச் சான்றிதழ் கொடுத்து நினைவுப் பக்கமாக மாற்றலாம், அல்லது அழிக்கக் கேட்கலாம். கூகுளுக்கும் தனிப் படிவம் உண்டு. அவருடைய எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். வங்கி, மின்னஞ்சல், காப்பீடு எல்லாம் முடியும் வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். நிறுவனம் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும். உங்கள் கூகுள் கணக்கில், குறிப்பிட்ட மாதங்கள் பயன்படுத்தாவிட்டால் யாரிடம் தர வேண்டும், அல்லது அழிக்க வேண்டுமா என்று இப்போதே சொல்லி வைக்கலாம்.

துணிக்கடையில், சூப்பர் மார்க்கெட்டில் பில் போட போன் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. எண் தர மறுத்தால் பொருளைத் தர மாட்டோம் என்று கடைக்காரர் வற்புறுத்தக்கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் எண் இல்லாமல் நகராது என்றால் அது அவர்கள் பிரச்சினை, மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கவுன்டரில் நிற்கும் பெண்ணிடம் கோபப்பட வேண்டாம், கேட்கச் சொல்லித்தான் அவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். குலுக்கல் கூப்பனையும் நிரப்பாமல் வந்துவிடுங்கள்.